கன்னிமாதாவுக்கு நேர்ந்த தலை

"இந்தக் கைக்குத் தப்பின பேன் இன்னும் பொறக்கல. என் வீட்டு வாசப்படியத் தாண்டுற பேன் ஒண்ணு இருந்தா, அதுக்கு நானே மெழுகுவத்தி ஏத்திக் கும்பிடுறேன்!"

பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள், வாசல் கேட்டை மறித்து நின்றுகொண்டு பசீலியா வெளியிட்ட பிரகடனம் இது. அரசாங்கம் அவளை நியமித்தது காலையில் பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சி ஊற்றத்தான். பேன் இலாகாவை அவளே தன்னிடம் ஒப்படைத்துக்கொண்டாள். பாராகுவே நாட்டில் எத்தனையோ இலாகாக்களுக்கு மந்திரி உண்டு, வேலை நடப்பதில்லை. இந்த இலாகாவில் வேலை மட்டும் ஜரூராக நடந்தது. அவள் விரல் வகிடு பிரிக்காமல் ஒரு பிள்ளையும் வகுப்புக்குள் போக முடியாது.

அன்று மாட்டிக்கொண்டது, பள்ளிக்கு எதிரே முடிவெட்டும் கடை வைத்திருக்கும் தெல்பீனாவின் மகள்.

"ஏ தெல்பீனா! ஊர்த் தலையெல்லாம் சீவுற. உன் மவ தலையில திருவிழா நடக்குதே, தெரியலியா?"

"மெதுவாப் பேசுக்கா. பிள்ளைங்க கேக்குது."

"கேக்கட்டும். சோப்பு வாங்க வக்கில்லாத வீடுன்னு நானா சொல்றேன்? பேனு சொல்லுது!"

வரிசை முழுதும் சிரித்தது. அந்தப் பிள்ளை இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு, புத்தகப் பையோடு வீட்டுக்குத் திரும்பியது.

பசீலியாவின் அதிகாரத்துக்குச் சான்றிதழ் அவள் மகள் நிமியாவின் கூந்தல். பிள்ளைக்கு நடை பழகிய வயதில் கொசுக்காய்ச்சல் வந்து கண் செருகிவிட்டது. "தாயே, இவளப் பொழைக்க வச்சிடு. எட்டு வயசு வரைக்கும் கத்தரி படாம வளத்து, உன் காலடியில கொண்டாந்து போடுறேன்" என்று ககுப்பே கன்னிமாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தது, முடி இடுப்பைத் தாண்டியது. நிமியாவுக்கு இந்த வருஷம் எட்டு வயது. டிசம்பரில் மாதாவின் திருநாளன்று காணிக்கை. புருஷன் அர்ஜெந்தீனாவில் கட்டட வேலைக்குப் போனவன், வருஷத்துக்கு ஒருமுறை வந்தால் பெரிது. அம்மாவும் மகளும் ஒரே கட்டில், ஒரே தலையணை, நடுவில் அந்தப் பின்னல்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் எல்லோரும் மௌனமாக இருந்த நேரத்தில், நிமியா பரபரவென்று சொறிந்தாள். அந்தச் சத்தம் பீடம் வரைக்கும் கேட்டது. வேர்க்குரு என்றாள் பசீலியா. பாராகுவேயில் மே மாதம் கம்பளி போர்த்துகிற குளிர்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தாள். காதுக்குப் பின்னால் ஈர், முத்து கோத்தாற்போல. இலாகா ரகசியமாகக் கூடியது. வினிகர் ஊற்றினாள். பேன்கள் ஊறுகாயாகவில்லை. பக்கத்து ஊர் மருந்துக்கடைக்குப் போய், "தெரிஞ்சவங்க பிள்ளைக்கு" என்று ஷாம்பு வாங்கி வந்தாள். ஒருமுறை போட்டதோடு வெற்றி என்று அறிவித்துவிட்டாள். ஈர் பொரிந்ததும் பழைய கதை. கடைசியில் மண்ணெண்ணெய். அம்மா அடுப்பைப் பற்றவைக்கப் போனாலே, தலையில் தீப்பிடிக்குமென்று பிள்ளை அலறினாள். உச்சந்தலைத் தோல் வெந்து உரிந்தது.

பள்ளி வாசலில் அந்தப் புண்ணைக் கவனித்தது தெல்பீனாதான். ஒருநாள் மாலை, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து பசீலியாவின் வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, மண்ணெண்ண ஊத்தாதே, பிள்ளை செத்துரும். முடிய நல்லா நனைச்சு, கண்டிஷனர் வழிய வழியப் பூசு. பேன்சீப்ப வச்சு வகிடு வகிடா, வேருலேருந்து நுனி வரைக்கும் இழு. மூணு நாளைக்கு ஒருக்கா, மூணு வாரம். ஒருநாளும் விடாதே. முடிய வெட்டவே வேணாம்."

"எனக்கே பாடமா?"

"இன்னும் கேளு. வீட்டுல எல்லார் தலையும் பாக்கணும். தலையும் தலையும் ஒட்டுனாப் போதும், ஏறிக்கும். அழுக்குக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. எங்க, உன் தலையக் காட்டு."

"என் தலையா?" பசீலியா பாவாடையில் நெருப்பு விழுந்தவள்போல எழுந்துவிட்டாள். "ஏண்டி, பேனு இனிப்பு ரத்தத்துக்குத்தான் வரும். பிள்ளைங்க ரத்தம் தேனு. என் ரத்தம், என் புருஷனக் கேளு, வேப்பெண்ண! எனக்கு ஒரு அரிப்பு உண்டா?"

"எல்லாத் தலைக்கும் அரிக்காதுக்கா."

"நீ கெளம்பு."

இனிப்பு ரத்தம் என்பது எங்கள் ஊரில் டாக்டர் பட்டம் பெற்றவர்களும் நம்புகிற சாஸ்திரம். பசீலியாவைக் குறைசொல்ல முடியாது. ஆனாலும் பாதி அறிவுரையைத் திருட்டுத்தனமாகக் கடைப்பிடித்தாள். பின்னலைப் பிரித்து, நனைத்து, பூசி, கை மரத்துப்போகும்வரை சீவினாள். வெள்ளைத் துணியில் கறுப்புப் புள்ளிகள் விழுந்தன. பிறகு எதுவும் விழவில்லை. சுத்தமான அந்தத் தலையை அன்றிரவு தன் தலையோடு சேர்த்து அணைத்துக்கொண்டு தூங்கினாள். அடுத்த வாரம் துணியில் மறுபடி புள்ளி.

குளிர்காலம் முழுக்க இப்படியே ஓடியது. கேட்டில் சோதனை நின்றுபோனது. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை, அதுதான் அவளைக் கொன்றது. வகுப்பில் நிமியாவின் பக்கத்தில் உட்கார ஆளில்லை.

அக்டோபரில் ஒரு மத்தியானம், சீவிக்கொண்டே இருந்தவள் சீப்பைக் கீழே வைத்தாள். கோழி அறுக்கும்போது கயிறு வெட்டுகிற கத்தரி ஆணியில் தொங்கியது.

"அம்மா, வேணாம்மா. கன்னிமாதா முடிம்மா அது."

"பேனோட குடுத்தா அவ வாங்குவாளா? வாய மூடு."

பின்னலை அறுக்க நேரமாயிற்று, கத்தரி மழுங்கல். பிள்ளை அழவில்லை. தரையில் கிடந்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள். பசீலியா அதைக் கொல்லைக்கு எடுத்துப் போய்க் கொளுத்தினாள். அந்த நாற்றம் தெருக்கோடி வரைக்கும் போய் ஊருக்கு அறிவித்தது.

அன்றிலிருந்து நிமியா முதுகைக் காட்டிப் படுத்தாள். தூங்கியபின் உருண்டு வந்து அம்மாவின் கழுத்தில் முகம் புதைப்பாள், விழித்ததும் விலகிவிடுவாள். சீக்கிரமே அந்தக் குட்டை முடியிலும் ஈர் தெரிந்தது. பசீலியா இந்தமுறை எதையும் ஊற்றவில்லை. படியில் உட்கார்ந்து வெறுமனே சாலையைப் பார்த்தாள்.

திருநாளுக்கு முந்தைய சாயங்காலம், ஊரே ககுப்பே மாதா கோயிலுக்கு நடக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தது. பசீலியா மகளை இழுத்துக்கொண்டு தெல்பீனாவின் கடைக்குப் போனாள். பெஞ்சில் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தாள்.

"வெட்டு."

"என்னக்கா இது?"

"அவ முடிக்குப் பதிலா என்னோடத எடுத்துட்டுப் போறேன். வெறுங்கையோட எப்படிடி போயி நிக்குறது?"

தெல்பீனா சீப்பை எடுத்தாள். நிமியா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் கூந்தல் அவிழ்ந்து விழுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, விழித்திருக்கும்போதே, அக்டோபருக்குப் பிறகு முதல்முறையாக, அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்தாள்.

சீப்பு பசீலியாவின் காதுக்குப் பின்னால் போய் நின்றது. தெல்பீனா போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அக்கா." குரல் தணிந்திருந்தது. "ஈரு, பழசும் இருக்கு, புதுசும் இருக்கு. ரொம்ப நாளா இருந்திருக்கு."

பசீலியா மகளின் நெற்றியில் உள்ளங்கையை வைத்து, அந்தத் தலையை மெல்லத் தன் தோளிலிருந்து நகர்த்தினாள்.

"ஏம்மா?"

"ஒண்ணுமில்ல சாமி. கொஞ்சம் தள்ளி உக்காரு."