புது டயர் யாருக்குக் கீழே

கிளியனூரை விட்டுத் திண்டிவனம் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். வண்டிச் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. அதை யாரிடமாவது கொடுத்துவிட்டு வர வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. நின்றால் கால் நடுங்கியது, நடந்தால் நடுக்கம் தெரியவில்லை. அதனால் நடந்தேன்.

பின்னால், சாலையோரப் புளியமரத்துக்கு ஒரு முழம் முன்பாக, பிக்கப் வண்டி இடது பக்கம் சாய்ந்து நின்றது. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்க மயிலம் பக்கத்திலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு வந்த வண்டி. முன்பக்க இடது டயர் வெடித்து, ஸ்டீயரிங் என் கையைப் பிடுங்கிக்கொண்டு மரத்தை நோக்கிப் போனது. பிரேக்கை எப்போது மிதித்தேன் என்று தெரியாது.

வெடித்த சத்தம்கூட அவ்வளவு பயமாக இல்லை. அதுவரை ஓயாமல் பேசிச் சிரித்துக்கொண்டு வந்த இருபது பேரும் வண்டி நின்றதும் ஒரு சத்தமும் இல்லாமல் இருந்தார்கள். எல்லோரும் செத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். திரும்பிப் பார்க்காமல் மரப்பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒருத்தி, "கூழெல்லாம் ஊத்திப் பூடுச்சே" என்றாள். அதைக் கேட்டபிறகுதான் கதவைத் திறந்து இறங்கினேன். யாருக்கும் பெரிய அடி இல்லை. அதையும் பார்த்துவிட்டுத்தான் நடக்க ஆரம்பித்தேன்.

"தம்பி, சாவிய எடுத்துக்கினு எங்க போற?"

ஆள் சேர்த்துக் கூட்டிவரும் அக்கா பின்னாலேயே வந்துவிட்டாள். முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது, முந்தானையால் அழுத்திப் பிடித்திருந்தாள்.

"டயர் வாங்க" என்றேன்.

"சக்கரத்தயே கழட்டாமலா? ஓடறதுன்னா சாவிய குடுத்துட்டு ஓடு. வண்டிய நாங்க தலையிலயா தூக்கிக்கினு போறது?"

"பயமா இருக்குதுக்கா."

"எங்களுக்கு மட்டும் இன்னா, குளுகுளுன்னா இருக்குது?"

அவளோடு வண்டிக்குத் திரும்பினேன்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். செங்கல் சூளை, ஓட்டல், லாரியில் கிளீனர் என்று எங்கும் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கியதில்லை. இந்த பிக்கப்பை ஓட்ட வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. சரக்கு ஏற்றும்போது டயரைப் பற்றி அவ்வளவாக யோசித்ததில்லை. பெண்கள் ஏற ஆரம்பித்த பிறகு தினமும் காலையில் நான்கு சக்கரத்தையும் தடவிப் பார்ப்பேன். வழுக்கைத் தலையைத் தடவுவது போல இருக்கும். விழுப்புரத்திலிருக்கும் வண்டிக்காரரிடம், அதாவது முதலாளியிடம், சொன்னால், "சீசன் முடியட்டும்பா" என்பார்.

ஸ்டெப்னியை மாட்டினேன். அதுவும் வழுக்கைதான். ஒருத்தியும் ஏறவில்லை, பஸ்ஸுக்காக நின்றார்கள். அக்கா மட்டும் என் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"நீ இன்னா டயர் வாங்கறேன்னு நானும் பாக்கறேன். அது மேல குந்திக்கினு போறவ நான் தான?"

திண்டிவனம் வரைக்கும் சைக்கிள்காரர்கள் எங்களை முந்திப் போனார்கள்.

டயர் கடையில் ஒருவர் தரையில் உட்கார்ந்து, சூடேறிய கத்தியால் தேய்ந்த டயரில் வரி வெட்டிக்கொண்டிருந்தார். ரப்பர் சுருள் சுருளாக விழுந்தது. வெட்டி முடித்தவற்றைக் கறுப்புப் பூசி அடுக்கியிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் புதிது. வண்டிக்காரர் போனில் அதைத்தான் சொன்னார்: "கட்டிங் போட்டது நாலு எடுத்துப் போடு. ஜல்தி கெளம்பு."

ஒன்றை உருட்டி வெளிச்சத்தில் வைத்து வரிக்குள் விரலை விட்டேன். ஆழமாகத்தான் இருந்தது. ஆனால் அடியில் ஓரிடத்தில் டயருக்குள் இருக்கும் இரும்புக் கம்பி ஊசிமுனை அளவுக்கு மின்னியது. ஏற்கெனவே தேய்ந்து மெலிந்ததை இன்னும் தோண்டியிருக்கிறார்கள். மறுபடியும் அந்த மரப்பட்டை கண்ணுக்கு முன்னால் வந்தது. விரலை வெளியே எடுத்தேன்.

அக்காவும் குனிந்து பார்த்தாள். போனை என் கையிலிருந்து வாங்கினாள்.

"இன்னாங்க, நான் ஆளு கூட்டிக்கினு வர்றவ பேசறேன். இந்த டயர போட்டா ஒருத்தியும் ஏறமாட்டா. மல்லாட்ட மண்ணுக்குள்ளயே மொளச்சி கெடக்கட்டும்."

மழை பெய்திருந்த வாரம் அது. பிடுங்க ஆள் கிடைக்காமல் எல்லோரும் அலைந்த நேரம். ஆள் ஏறாவிட்டால் வண்டிக்கு வாடகையும் இல்லை. வண்டிக்காரர் கொஞ்சம் யோசித்தார். "ரெண்டு புதுசு வாங்கிக்கச் சொல்லு. அதுக்கு மேல கேக்காதீங்க. எங்க போடறதுன்னு அவனே பாத்துக்கட்டும்."

புது டயர் இரண்டும் வந்தன. கடைக்காரர் ஜாக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார்: "முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி" என்றேன் நான்.

"பின்னாடி" என்றாள் அக்கா.

"முன்னாடி வெடிச்சா ஸ்டீயரிங் போயிடும்க்கா. காலையில பாத்தல்ல?"

"பாத்தேன். ஆனா பின் சக்கரத்து மேலதான் எங்க பொண்ணுங்க குந்தறாங்க. நீ முன்னாடி குந்தற, அதான் முன்னாடி கேக்கற."

"அய்யே, அப்படி இல்லக்கா."

அப்படி இல்லையா என்பது எனக்கே தெரியவில்லை. காலையிலிருந்து இருந்த பயத்தில் என் உயிர் எது, வண்டி எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

கடைக்காரரைப் பார்த்தேன். "எங்க சொன்னாலும் மாட்டித் தர்றேன். சண்டைய முடிச்சிட்டுக் கூப்புடுங்க" என்று டீ குடிக்கப் போய்விட்டார்.

"பின்னாடி போடலன்னா நாளைக்கு நாங்க வரல" என்றாள் அக்கா. நான் போய்க் கடைக்காரரைக் கூப்பிட்டேன்.

புதியவை பின்னால் போயின. பின்னால் இருந்த பழையவை இரண்டும் முன்னால் வந்தன. அக்காவை பஸ் ஏற்றிவிட்டுத் தனியாக விழுப்புரத்துக்கு ஓட்டினேன். வண்டி காலிதான். ஆனாலும் ஒவ்வொரு சிறு பள்ளத்திலும் உள்ளங்கை வியர்த்து ஸ்டீயரிங் வழுக்கியது. வெடிக்கவில்லை. வெடிக்காத ஒவ்வொரு மைலும் அடுத்த மைலுக்கான பயத்தையே கூட்டியது.

வண்டிக்காரரிடம் சாவியை நீட்டினேன். "எனக்கு வேணாம்ணா."

"புது டயர் கேட்டு வாங்கிப் போட்டுட்டு வேணான்றியே, பேஜாரு புடிச்சவனே" என்றார். உடனே யாருக்கோ போன் போட்டார். டிரைவருக்கா பஞ்சம்.

அன்று சாயங்காலமே வேலையை விட்டதை அக்காவிடம் போனில் சொன்னேன். அவள் திட்டவில்லை. "கைய கட்டிக்கினு குந்தாத. ஆள் பத்தல, பிடுங்க வா" என்றாள்.

மறுநாள் காலை மயிலத்தில் நின்றேன். அதே வண்டி வந்தது. புது டிரைவர் என்னைவிடச் சின்னவன், பாட்டை உரக்க வைத்திருந்தான். ஜன்னல் பக்கம் போய், "முன்னாடி ரெண்டும் பழசு தம்பி, பாத்து மெதுவா போ" என்றேன்.

"எல்லா வண்டியும் அப்படித்தாண்ணே. ஏறுங்க, நேரமாச்சு."

அக்கா கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். "இங்க குந்து. புது டயரு மேல."

இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பெண்கள் வழக்கம்போலப் பேசிக்கொண்டே வந்தார்கள். கிளியனூர்ப் புளியமரம் தெரிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினார்கள். மரம் பின்னால் போனது.

"கம்பிய விடு தம்பி, அது எங்கியும் ஓடிப் பூடாது" என்றாள் ஒருத்தி. சிரித்தார்கள். மல்லாட்டைக் கொல்லை வரும்வரை நான் கையை எடுக்கவில்லை. இறங்கியதும் ஆளுக்கொரு வரிசை பிரித்துக் கொடுத்தாள் அக்கா. எனக்குக் கடைசி வரிசை. குனிந்து முதல் செடியைப் பிடித்து இழுத்தேன். ஈர மண், செடி சுலபமாக வந்தது.