ஆடியில் பால் காய்ச்சியவள்

பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்த அய்யம்மாளுக்கு டவுனில் யாரும் வாடகைக்கு வீடு தரவில்லை. சேலையில் வெடிமருந்து ஒட்டி வரும் என்று பயந்தார்கள். தன் ஊரான மல்லாங்கிணற்றிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோனாள்.

2006-இல், வாடகைக்கென்று புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு வீட்டுத் தீர்வையில் பாதி தள்ளுபடி என்று நகராட்சி அறிவித்தது. அச்சகம் நடத்திய செல்லக்கனி தன் காலி மனையில் நாலு வீடு கட்டினார். ஜூலைக் கடைசிக்குள் ஒரு வீட்டிலாவது ஆள் குடியேற வேண்டும் என்பது நிபந்தனை. வேலை முடிவதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யாரும் வீடு மாறமாட்டார்கள்.

முன்பே அவர் வீடு இல்லையென்று அனுப்பிவிட்ட அய்யம்மாள் மறுபடி அவரிடம் போய் நின்றாள்.

"நாளைக்கே வாரேன், அண்ணாச்சி."

"ஆடியில எவளாவது பால் காய்ச்சுவாளாம்மா?"

"ஆடின்னு கம்பெனியில லீவா விடுதாக? சீசன் லோடு ஏறிக்கிட்டுத்தான இருக்கு."

"மருந்து வாடை?"

"அங்கனயே குளிச்சு, சேலை மாத்திட்டுத்தான் வருவேன்."

ஆடியில் சாவியைக் கையில் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. ஜன்னலில் வைத்தார். அவள் எடுத்துக்கொண்டாள்.

ஆவணியில் மற்ற வீடுகளுக்கும் ஆள் வந்தது. வந்தவர்கள் எல்லாருமே குழாய்க்குப் பக்கத்து வீட்டைத்தான் கேட்டார்கள். அதன் வாசலில் அய்யம்மாளின் சேலை காய்ந்துகொண்டிருந்தது.