என்னிடம் கார் பழகியவள் சுமந்த மகள்

கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு அவள் பக்கம் ஒரு பிரேக் மட்டும் உண்டு. மற்றதெல்லாம் மாணவர் கையில், மிச்சம் கடவுள் கையில்.

ஆக்லாந்தில் பதினோரு வருஷமாக இதுதான் என் பிழைப்பு. பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைப் பார்க்காமல் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டே போனால், மனிதர்கள் எதை வேண்டுமானாலும் கேட்பார்கள். என் தொழில்காரர்களுக்கு இது தெரியும். குழந்தைக்காக வருஷக்கணக்கில் காத்திருக்கிற உங்களுக்கோ, அவர்கள் முதலில் எதைக் கேட்பார்கள் என்பதும் தெரியும்.

ரவுண்டானாவில் ஒரு விசாரணை

பக்குரங்கா பகுதியில் ஒரு மாமி. மகன் வீட்டோடு வந்துவிட்டவர், அறுபது வயதில் கார் பழகியே தீருவேன் என்று நின்றார். முதல் நாளே, சரியாக ரவுண்டானாவில் நுழையும்போது, "உனக்கு எத்தனை குழந்தை?" என்றார்.

"இல்லைங்க மாமி. வலது பக்கம் பாருங்க."

"ஏன் இல்லை? டாக்டரைப் பார்த்தியோ?"

பார்க்காமலா! கர்ப்பப்பையில் கட்டிகளை எடுத்த ஆபரேஷனுக்கு அப்புறம், நானும் என் கணவர் சேகரும் ஒன்பது வருஷமாக டாக்டர் வீட்டுப் பிள்ளைகள் மாதிரிதான் திரிந்தோம். ஐவிஎஃப் மூன்று முறை தோற்று, நான்காவதுக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். இதையெல்லாம் ரவுண்டானாவில் எப்படிச் சொல்வது? வலது பக்கமிருந்து ஒரு லாரி வந்தது. என் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். மாமி திரும்பி முறைத்தார்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லாம பிரேக்கைப் போடறியே!"

மனுரேவாவில் தர்ஷினி கேட்டது

தர்ஷினி யாழ்ப்பாணத்துப் பெண். இரண்டு பிள்ளைகளின் தாய். டெஸ்டில் இரண்டு தடவை தோற்றதால் ஒன்றரை வருஷம் என்னிடம் படித்து, கூடப்பிறந்தவள் மாதிரி ஆகிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு எங்களுக்கு அவள் வீட்டில்தான். கணவர் ரூபன் கிடங்கில் வேலை பார்க்கிறார். நாள் முழுக்கப் பெட்டி தூக்கிவிட்டு வந்தும் எங்களுக்கு அவரே பரிமாறுவார்.

நான்காவது ஐவிஎஃப்பும் தோற்றுவிட்டது என்று ஒரு காலையில் போன் வந்தது. வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்று கிளாஸுக்குப் போய்விட்டேன். மனுரேவா ஸ்டேஷன் பக்கம், இரண்டு கார்களுக்கு நடுவே நிறுத்தச் சொன்னேன். ஒரே மூச்சில் அழகாகக் கொண்டுபோய் நிறுத்தினாள் தர்ஷினி. பாராட்ட வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அவள் எஞ்சினை அணைத்தாள். எல்லாவற்றையும் கொட்டினேன். கரு நல்ல கரு, உங்கள் கர்ப்பப்பையால்தான் அதைத் தாங்க முடியாது என்று டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டதை, இன்னும் இரண்டு கருக்கள் ஆஸ்பத்திரியில் உறைய வைத்திருப்பதை, எல்லாவற்றையும்.

"அக்கா, அதை நான் சுமக்கட்டே?" என்றாள்.

"முதல்ல நீ டெஸ்ட் பாஸ் பண்ணு" என்று பேச்சை மாற்றினேன். மூன்று வாரத்தில் பாஸ் பண்ணினாள். மறுநாளே ரூபனைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தானே ஓட்டிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து இறங்கினாள். வீட்டில் இருவரும் கதைத்து முடிவெடுத்துவிட்டதாக ரூபன் சொன்னார். தர்ஷினி சாவியை ஆட்டிக் காட்டினாள்.

"இப்ப லைசென்சும் வந்திட்டுது. இனி என்ன சாட்டுச் சொல்லப் போறியள் அக்கா?"

த்ரீ கிங்ஸில் நான் ஆடியது

இந்த நாட்டில் இன்னொருத்திக்காக அன்பால் சுமக்கலாம். அதை வியாபாரமாகச் செய்ய முடியாது. இரண்டு குடும்பத்துக்கும் தனித்தனி வக்கீல், தனித்தனி கவுன்சலிங், அப்புறம் ஒரு குழு எல்லாவற்றையும் படித்துப் பார்த்து அனுமதி தர வேண்டும். அனுமதி வர ஏறக்குறைய ஒரு வருஷம் ஆனது. கருவை தர்ஷினிக்குள் வைத்துவிட்டு, ரத்தப் பரிசோதனைக்காகக் காத்திருந்தோம்.

அன்று த்ரீ கிங்ஸ் பகுதிக் கடைகளின் கார் நிறுத்துமிடத்தில் அனுவுக்கு ரிவர்ஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அனு இங்கேயே பிறந்த பதினேழு வயதுப் பெண். நாம் தமிழில் கேட்டால் அவள் பாதி ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். காரை நிறுத்தச் சொல்லிவிட்டு போனை எடுத்தேன். "பொசிட்டிவ் அக்கா!" என்று தர்ஷினி கத்தினாள். அதற்கப்புறம் நான் செய்தது எனக்கே சரியாக நினைவில்லை. கதவைத் திறந்து இறங்கி, காரைச் சுற்றி இரண்டு தடவை ஓடியிருக்கிறேன். ஒருவர் ட்ராலியோடு ஒதுங்கி நின்று வழிவிட்டார். முன்பின் தெரியாத அவர் கையைப் பிடித்துக் குலுக்கியிருக்கிறேன். திரும்பி வந்து உட்கார்ந்ததும் அனு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆன்ட்டி, ஆர் யூ ஓகே? ஹேண்ட்பிரேக் நான் போட்டுட்டேன்."

வயிறில்லாத பிரசவ லீவு

எங்கள் டிரைவிங் ஸ்கூலை நடத்துகிற குணா அண்ணன் மலேசியாக்காரர். பிரசவ லீவு வேண்டும் என்று போய் நின்றேன். "என்னா லா மீனா, வயித்தைக் காணோம், லீவு மட்டும் கேக்குற?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார். அடுத்த நாள் காலை பார்த்தால், நான் பாடம் நடத்துகிற காரின் பின்சீட்டில் கைக்குழந்தை இருக்கை ஒன்றை இறுக்கிப் பூட்டி வைத்திருந்தார். குழந்தை பிறக்க இன்னும் நாலு மாதம் இருந்தது! எடுக்க எனக்கும் மனசு வரவில்லை. அன்றைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒருவர் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, கடைசியில் கேட்டேவிட்டார்.

"மேடம், இதையும் டெஸ்ட்ல கேப்பாங்களா?"

எல்லோரும் கேட்க நினைத்தது

என் மாணவி ஒருத்தி, நல்ல மனசுக்காரிதான், சிக்னலில் நிற்கும்போது கேட்டாள்: "சட்டப்படி பெத்தவதானே அம்மா? கோர்ட்டு தத்துக் குடுக்கறதுக்குள்ள அவங்க மனசு மாறிட்டா?" சட்டம் அப்படித்தான் இருந்தது. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் தர்ஷினிக்கு ரத்த அழுத்தம் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முப்பத்திரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அவள் பிள்ளைகள் இரண்டும் எங்கள் வீட்டில் இருந்தன. சின்னவன் சேகர் மடியில் உட்கார்ந்து அம்மா எப்போது வருவாள் என்று கேட்டபோதுதான் உண்மையான பயம் பிடித்தது. என் ஆசைக்காக இவர்களுடைய அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து, "எனக்கு ஒண்ணும் வேண்டாம், நீ நல்லா இருந்தாப் போதும்" என்று அழுதேன். அழுகையோடு அழுகையாக அந்த மாணவி கேட்டதையும் உளறிவிட்டேன். தர்ஷினி சிரித்த சிரிப்பில் நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

"எனக்கு ரெண்டு பிள்ளையளே போதும் அக்கா. மூண்டாவதையும் என்னட்டை விட்டிட்டுப் போனியளெண்டால், நான் பொலிசுக்குப் போன் அடிப்பன்!"

மோட்டார்வேயில் பாலாஜி

ஐந்து நாளில் அழுத்தம் இறங்கி அவள் வீடு திரும்பினாள். முப்பத்தெட்டாவது வாரம், ஒரு பகல் பதினோரு மணிக்கு ரூபன் கூப்பிட்டார்: "அக்கா, வலி துவங்கிட்டுது, வாங்கோ!"

அப்போது ஸ்டியரிங்கில் இருந்தவர் பாலாஜி. ஐடி வேலைக்காரர், வேகம் நாற்பதைத் தாண்டினால் அவருக்கு வியர்க்கும். நான் ஓட்டலாம் என்றால், நிறுத்தி இடம் மாறுகிற பொறுமை எனக்கில்லை. "பாலாஜி, மோட்டார்வேல ஏறுங்க" என்றேன். "மேடம், அது எட்டாவது கிளாஸ்லதானே?" என்றார். "இன்னைக்குத்தான் எட்டாவது கிளாஸ்!" வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். சத்தியமாகச் சொல்கிறேன், என் மாணவர்களில் யாரும் அவ்வளவு நேர்த்தியாக லேன் மாற்றியதில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திய பிறகுதான் அவர் மூச்சே விட்டார்.

"மேடம், நடுவுல நூறு காட்டுச்சே, அதை ஓட்டினது நானா?"

மூன்று கிலோ

மத்தியானம் இரண்டு மணிக்கு மகள் பிறந்தாள். மிட்வைஃப் அவளைத் துடைத்து, என் சட்டையை விலக்கி, நேராக என் நெஞ்சின் மேல் வைத்தார். சூடாக இருந்தாள். இவ்வளவு சூடாக இருப்பாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சேகர் எடுத்த முப்பது போட்டோவிலும் கூரைதான் இருக்கிறது. நான் ஒரு கையால் மகளையும் மறு கையால் தர்ஷினியையும் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டில் எதையும் விட முடியவில்லை. ரூபன் மனைவியின் நெற்றியைத் துடைத்துவிட்டுக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

தத்துக்கான கோர்ட்டு உத்தரவு சில மாதம் கழித்து வந்தது. அதற்குச் சம்மதக் கையெழுத்துப் போட தர்ஷினியும் ரூபனும் பட்டுடுத்தி வந்தார்கள். ஆனால் எனக்கு உத்தரவு கிடைத்தது அதற்கு முன்பே, மகளை வீட்டுக்குக் கூட்டிப்போன அன்று. காரைக் கிளப்பப் போன என் ஜன்னலில் தர்ஷினி வந்து தட்டினாள்.

"பின்னுக்குத் திரும்பித் திரும்பிப் பாக்காமல், ரோட்டைப் பாத்து ஓட்டுங்கோ அக்கா!"

இப்போது மகள் இனியாவுக்கு ஏழு மாதம், கார் ஓடினால் தூங்குகிறாள், நின்றால் அழுகிறாள், ஆக என் பதினோரு வருஷத் தொழிலில் நான் மிக அதிகமாகக் கார் ஓட்டியது இந்த லீவில்தான்.