மணம் பார்த்து வாங்கிய புல்

தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் எனக்கு இருபது வருஷ வேலை. கொழுந்து பதமா இல்லையா என்று படியேறும்போதே சொல்லிவிடுவேன். என் மூக்கைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அந்தத் தலைக்கனத்தோடுதான் போன மழைக்கு ஆட்டுக்குப் புல் வாங்கப் போனேன்.

எங்கள் ஆடு தலையீத்துச் சினை. குட்டி போட இரண்டு வாரம் இருந்தது. மழையோ விட்டபாடில்லை, ஈரப்புல்லாகவே தின்றால் வயிறு ஊதிக்கொள்ளும். ஹாலிஎலவில் பால்மாடு வைத்திருக்கும் சிங்களவர் ஒருவர் காய்ந்த புல் விற்கிறார் என்று கேள்விப்பட்டு த்ரீவீல் பிடித்துப் போனேன். அவரிடம் இரண்டு குவியல். ஒன்று பச்சை மாறாமல் இலையோடு இருந்தது. மற்றது நல்ல செம்பழுப்பு. புதுத் தேயிலைத் தூள் மாதிரி கமகமவென்று மணம். அவர் பச்சையைத்தான் காட்டினார். சரியாக வாடாத சரக்கை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே பழுப்பில் நாலு கட்டு ஏற்றினேன்.

ஆடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"பசிச்சா தானா திங்கும்" என்றேன்.

மறுநாளும் தொடவில்லை. சாயங்காலம் படுத்தது எழுந்திருக்கவே இல்லை.

மனைவி புல்லுக்கட்டைப் பிரித்து உள்ளே கைவிட்டாள். வெள்ளைப் பூஞ்சணம் தூசியாகப் பறந்தது.

"என்னங்க, தேத்தண்ணி போடவா வாங்கிட்டு வந்தீங்க? வயித்துல குட்டியோட பட்டினி கெடக்குதுங்க அது!"

விடிந்ததும் ஹாலிஎலவுக்கு ஓடினேன். அந்தப் பழுப்புப் புல் நனைந்து, குவியலிலேயே சூடேறிக் கெட்டதாம். மிளகாய்ப் பாத்தியில் மண்ணை மூடிவைக்க ஒதுக்கியிருந்தாராம். பச்சையை விட்டுப் பழுப்பை எடுத்ததால், நானும் அதற்குத்தான் கேட்கிறேன் என்று நினைத்தாராம். ஆட்டுக்கு என்று நான் வாயைத் திறந்து சொல்லியிருந்தால்தானே!

அவரிடம் வாங்கி வந்த பச்சை மாறாத காய்ந்த புல்லில் ஒரு பிடி எடுத்து ஆட்டின் வாயருகே நீட்டினேன். ஒரே ஒரு தாளை உதட்டால் இழுத்தது. பிறகு இன்னொன்று. அப்புறம் நறநறவென்று மெல்லும் சத்தம். லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் பார்க்கிறார்களே என்றுகூடத் தோன்றாமல் அழுதுவிட்டேன்.

இரண்டு வாரத்தில் இரண்டு குட்டி. ஒன்றின் ஈரத்தைத் துடைத்து மனைவி என் மடியில் வைத்தாள்.

"மோந்து பாத்துச் சொல்லுங்க. பதமா இருக்கா?"

மோந்து பார்த்தேன். பிறகு, அதுவே மோந்து சொல்லட்டும் என்று குட்டியைத் தாயாட்டின் மூக்கருகே கொண்டுபோய் விட்டேன்.