அந்தோனியாரை மறியலில் போட்ட கதை

எட்டு வயதில் நான் அந்தோனியாரை மறியலில் போட்டேன். அந்த வயதில் ஒரு புனிதரைச் சிறைவைத்த வேறொருவர் கண்டிப் பக்கம் இருந்ததாக இன்றுவரை கேள்விப்படவில்லை.

முப்பதுகளின் தொடக்கம். அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, எங்களோடுதான் இருந்தாள். ஹுன்னஸ்கிரியவில் ஒரு தோட்டத்துப் பெரிய கிளாக்கரை அவளுக்குப் பேசி மோதிரமும் போட்டாயிற்று. அவருக்கு முதல் மனைவி தவறியிருந்தாள். மீசை பாதி நரைத்திருந்தது. கந்தோரில் சின்ன எழுத்து வேலை பார்த்த அப்பாவுக்கு அது பெரிய இடத்துச் சம்பந்தம். சின்னம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே அவளுக்கும் சம்மதம் என்று எல்லோரும் வைத்துக்கொண்டோம்.

மோதிரம் விரலுக்குத் தளர்வு என்று அவள் அதை அலுமாரித் தட்டில் வைத்திருந்தாள். ஒருநாள் நான் அதைப் பெருவிரலில் மாட்டிக்கொண்டு மேற்றிராணியார் ஆனேன். பாதிரிமாருக்கெல்லாம் மேலான மேற்றிராணியார் வந்தால் பெரியவர்களே முழந்தாளிட்டு அவர் மோதிரத்தை முத்தமிடுவதைப் பார்த்திருந்தேன். அடுத்த வீட்டுப் பிள்ளைகள் வரிசையாக வந்து முத்தமிட்டார்கள். எச்சில் படுத்திய ஒருவனைத் திருச்சபையிலிருந்து நீக்கினேன். பிறகு மோதிரத்தைத் தட்டிலேயே வைத்தேன், வைத்ததாகத்தான் ஞாபகம். மறுநாள் அது அங்கே இல்லை.

மாப்பிள்ளை வீட்டார் நாள் குறிக்க வரவிருந்த சமயம். வீடு தலைகீழானது. ஏதாவது தொலைந்தால் எங்கள் வீட்டில் அந்தோனியார் சிலையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிடுவார்கள். தொலைந்ததைத் தேடிக் கொடுத்த பிறகுதான் அவர் மனிதர் முகத்தில் விழிக்கலாம். அம்மா சிலையைத் திருப்பினாள். அப்பா என்னைப் பார்த்த பார்வையில், அடுத்ததாகச் சுவர்ப்பக்கம் திரும்பப்போவது யார் என்று விளங்கிவிட்டது.

நான் மேல்கோர்ட்டுக்குப் போனேன். எங்கள் கோயிலில், நிறக் கண்ணாடித் துண்டுகளை ஈயப் பட்டியால் கோத்த பெரிய யன்னல் ஒன்று உண்டு. அதில் அந்தோனியார் குழந்தை இயேசுவை ஏந்தியபடி ஆளுயரத்துக்கு மேலாக நிற்பார். அவர் காலடிக் கல்லில் சனிக்கிழமைதோறும் பூ வைப்பது சின்னம்மாவின் வேலை. கண்ணாடி நடுவில் பிதுங்கி, அவருக்கு வயிறு தள்ளியிருந்தது. நன்றாகச் சாப்பிடுகிறவர் போலும் என்று நினைப்பேன்.

"வாற செவ்வாய்க்குள்ள மோதிரத்த தராட்டி, போகம்பறை மறியல்ல போட்டுருவேன்" என்று அவரிடம் சொன்னேன். பிறகு மரியாதைக்கு முழந்தாளிட்டு எழுந்து வந்தேன்.

இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமை அந்த யன்னலைச் சாக்கால் மூடியிருந்தார்கள். உள்ளே வழக்கு விசாரணை நடப்பது எனக்குத் தெரியாது.

செவ்வாய் மாலை, நவநாள் செபத்துக்கு அம்மாவோடும் சின்னம்மாவோடும் போனேன். சாக்கு இல்லை. கழுத்துக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று, முழங்காலுக்கு ஒன்றாகக் குறுக்கே கம்பிகள். அந்தோனியார் உள்ளே இருந்தார். வயிறு போய், ஒரே வாரத்தில் மெலிந்தும் இருந்தார். அதைவிடக் கொடுமை, அவர் கையிலிருந்த குழந்தை இயேசுவும் உள்ளே போயிருந்தார். அவர்மேல் நான் எந்தப் புகாரும் கொடுக்கவில்லை.

இவ்வளவு அதிகாரம் என்னிடம் இருந்தது எனக்கே தெரியாது. யன்னலைத் திருத்த வந்து ஏணியடியில் குந்தியிருந்த கண்ணாடி வேலைக்காரர் பாஸின் இடுப்புச் சாரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"பாஸ், அவர விட்டுருங்க. நான் சும்மா சொன்னேன்."

"யார விட?"

"அந்தோனியார. கைக்குழந்தையும் உள்ள இருக்கு."

பாஸ் என்னையும் யன்னலையும் மாறிமாறிப் பார்த்தார். "விட்டா ரெண்டு பேரும் ஒந்தலையிலதான் விழுவாங்க. வெயிலுக்கு ஈயம் இளகி கண்ணாடி தொங்கிப் போச்சு. கழட்டி, படுக்கப் போட்டு நேராக்கி, இப்ப கம்பியோட சேத்துக் கட்டியிருக்கேன். இது மறியல் இல்ல தம்பி, முட்டு."

போன உயிர் திரும்பியது. பாஸோ அம்மாவிடம் கையை நீட்டினார்.

"அம்மா, கீழ்க் கல்லு இடுக்க சொரண்டயில இது அம்புட்டுச்சு. யாரும் நேத்திக்கடனுக்கு வச்சாங்களோ தெரியல."

ஒரு சின்னத் துணி முடிச்சு. அம்மா அவிழ்த்தாள். உள்ளே மோதிரம்.

மறியலுக்குப் பயந்து மனிதர் கக்கிவிட்டார் என்று நான் குதித்தேன். அம்மா குதிக்கவில்லை. மோதிரத்தைவிட அந்தத் துணியைத்தான் அதிக நேரம் பார்த்தாள். நீலப்பூப் போட்ட துணி. சின்னம்மாவின் பழைய சட்டையிலும் அதே பூ உண்டு; புனிதருக்கும் அந்தக் கடையில்தான் துணி எடுக்கிறார்கள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. சின்னம்மா தரையைப் பார்த்தபடி நின்றாள். அம்மா துணியைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டு, அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனாள்.

வீட்டுக்கு வந்ததும் சிலையை முன்பக்கம் திருப்ப ஓடினேன். அம்மா தடுத்தாள்.

"இருக்கட்டும்டா. அவருக்கு இன்னும் வேல இருக்கு."

கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவும் அப்பாவும் பேசினார்கள். அம்மாவின் குரல்தான் கூடக் கேட்டது. எங்கள் வீட்டில் அது நடக்காத புதினம். மாப்பிள்ளை வீட்டார் வரவே இல்லை. அப்பாதான் மோதிரத்தோடு ஹுன்னஸ்கிரியவுக்குப் போய், வெறுங்கையோடும் தொங்கிய முகத்தோடும் திரும்பினார். இவ்வளவு பாடுபட்டு வாங்கிய மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களே என்று எனக்கு ஆத்திரம். சின்னம்மா அன்று இரண்டாம் தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகுதான் அம்மா அந்தோனியாரை முன்பக்கம் திருப்பி வைத்தாள். தண்டனைக்காலம் முடிந்துவிட்டது போலும் என்று நினைத்தேன். அது யாருடைய தண்டனை என்று யோசிக்க எனக்கு அப்போது தெரியவில்லை.