தோளில் கிடந்த கை

சங்கரன்கோவிலில் விசைத்தறி உதிரிபாகங்களுக்கு நான் ஏஜென்ட். கம்பெனி கோயம்புத்தூரில் இருந்தாலும் அதில் பாதிப் பங்கு வெளிநாட்டுக்காரர்களுடையது. அதை நான் மறைத்ததில்லை, பெருமையடித்துக்கொண்டுதான் திரிந்தேன். ஒருமுறை அவர்கள் நாட்டுத் தொழிற்சாலையைப் பார்க்க என்னை அழைத்தார்கள், துணைக்கு ஒருவரும் வரலாம் என்றார்கள். விமானம் என்றதும் என் மனைவி ஆளை விடுங்கள் என்றுவிட்டாள். தினமும் என்னோடு டீ குடிக்கும் தறி உரிமையாளர் சங்கச் செயலாளரைக் கூட்டிப்போனேன். அங்கே அவர்கள் கொடிக்கு முன்னால் இருவரும் படம் எடுத்துக்கொண்டோம். அவர் என் தோளில் கை போட்டிருப்பார். அவருக்கொரு பிரதி, எனக்கொரு பிரதி. என்னுடையதைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினேன்.

பிறகு எல்லையில் சண்டை வந்தது. அந்த நாடு எதிரிக்கு ஆயுதம் கொடுத்ததாம். மஃப்டியில் ஒரு போலீஸ்காரர் வந்து, வெளிநாட்டில் யாரிடமெல்லாம் பேசுகிறாய் என்று விசாரித்துவிட்டுப் போனார். தறிக்குப் பெல்ட் விற்கிறவனுக்கு என்ன ராணுவ ரகசியம் தெரியும்? தறிக்காரர்கள் வருவது குறைந்தது. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு நான் வருடாவருடம் வைக்கும் தண்ணீர்ப்பந்தலில் இந்தத் தடவை ஏஜென்சி போர்டு வேண்டாம் என்றார்கள். பந்தல் மட்டும் வேண்டுமாம்.

செயலாளரிடம் புலம்பினேன்.

"நான் இருக்கேன்லா அண்ணாச்சி. சங்கத்துல பேசுதேன். நீங்க ஏன் கெடந்து மருகுதீய?"

நம்பினேன். என்னைப்போல் மடையன் இந்த ஊரில் இல்லை.

மறுவாரம் பழைய வாடிக்கையாளர் ஒருவர் தயங்கித் தயங்கிப் போனை நீட்டினார். 'இவனிடமா சரக்கு வாங்குகிறோம்?' என்ற வரிக்குக் கீழே அந்தக் கொடி, அதன் முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு நான் மட்டும். பக்கத்தில் இருந்தவரை வெட்டியிருந்தார்கள். என் தோளில் கிடந்த கையை வெட்ட முடியவில்லை போலிருக்கிறது. பச்சைக்கல் மோதிரத்தோடு அப்படியே இருந்தது. சங்கத்து குரூப்பில் இரண்டு நாளாக ஓடுகிறதாம்.

நேரே அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மறுக்கக்கூட இல்லை.

"அந்தப் படத்துல நானும் இருக்கேன்லா அண்ணாச்சி. வேற எவனாவது போட்டா என்னையும் சேத்துல்லா பேசுவான்? அதான் முந்திக்கிட்டேன். தப்பா எடுக்காதீய."

செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிவிட்டேன். திட்டவாவது செய்திருக்கலாம். சங்கம் என்னிடம் வாங்குவதில்லை என்று தீர்மானம் போட்டது. அதில் முதல் கையெழுத்து அவருடையது. கம்பெனியும் ஏஜென்சியை முடித்துக்கொள்வதாகக் கடிதம் அனுப்பிவிட்டது.

சண்டை நின்று ஒரு மாதம் இருக்கும். மத்தியானம், தெருவில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அவர் கடைக்கு வந்தார்.

"ஒரு தறி நிக்கி அண்ணாச்சி. வேற எங்கயும் கெடைக்கல. ஒரு பெல்ட் குடுங்க, யாருக்கும் தெரியாண்டாம்."

மேசைக்கு மேலாகக் கையை நீட்டினார். அதே மோதிரம்.

"ஸ்டாக் இல்ல" என்றேன்.

யாரும் வாங்காத பெல்ட்டுகள் எனக்குப் பின்னால் கூரைவரை அடுக்கியிருந்தன. அவற்றையும், மேலே மாட்டியிருந்த முழுப் படத்தையும் அவர் பார்த்தார். பிறகு கையை எடுத்துச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.