நாடாவுக்குச் சொறி பிடித்த வருஷம்

திருமுருகன்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு நெசவாளர் தெருவில் ரத்தினசாமி என்று ஒருவர் இருந்தார். பயப்படுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பாம்புக்குப் பயம், இடிக்குப் பயம் என்றால் சரி, எல்லோருக்கும் உள்ளதுதான். இவர் தபால்காரரைக் கண்டாலே உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்வார். வீட்டுக்குக் கரண்டு வந்தபோது சுவிட்சைத் தொடவே மாட்டேன் என்று ஒரு வருஷம் சாதித்தார்; போடுவதும் அணைப்பதும் மனைவி மருதம்மாள்தான். பொழுது சாய்ந்துவிட்டால் கொல்லைப்பக்கம் போகக்கூட அவள் துணைக்கு வர வேண்டும்.

"நான் கட்டிக்கிட்டது ஆம்பளையவா, கைக்கொழந்தையவாங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டே லாந்தரை எடுப்பாள்.

அந்த மனுஷனை ஆளாக்கியது ஒரு நாய். தறியில் நாடா இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஓடுகிற மாதிரி, வீட்டுக்கும் தெருமுனைக்கும் ஓடிக்கொண்டே இருந்ததால் அதற்கு நாடா என்றே பெயர் வைத்தார்கள். அது கூட வந்தால் ரத்தினசாமி இருட்டில் போவார். நெய்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவிநாசி நெசவாளர் சொசைட்டிக்குத் தனியாக நடந்து போவார். மேனேஜர் துணியில் குறை சொன்னால் எதிர்த்து இரண்டு வார்த்தைகூடப் பேசுவார், வாசலில் நாடா உட்கார்ந்திருக்கிற தைரியத்தில். மருதம்மாளுக்கும் நிம்மதி. லாந்தருக்கு வேலை குறைந்தது.

அப்புறம் அரிசிப் பஞ்சம் வந்தது. ரேஷன் கடையில் அரிசிக்குப் பதில் கோதுமையும் மைதாவும் போட்ட வருஷங்கள் அவை. வயிற்றுக்கே இல்லாதபோது நூலுக்குக் கஞ்சி போட அரிசிக்கு எங்கே போவது? தறியின் நெடுக்கு நூலான பாவுக்குப் போடுகிற கஞ்சியையும் தெருவே மைதாவில் காய்ச்சியது. அந்தச் சமயத்தில்தான் நாடாவுக்கு அரிப்பு தொடங்கியது. முதலில் காதைச் சொறிந்தது. பிறகு வயிறு, பிறகு பாதம். கடித்துக் கடித்துப் பாதம் சிவந்து, முதுகில் முடி கொட்டி, தோல் தடித்துப்போனது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினார்கள், புங்க எண்ணெய் தடவினார்கள், கந்தகம் குழைத்துப் போட்டார்கள். ஒன்றுக்கும் கேட்கவில்லை.

மருதம்மாள் அவரையும் நாடாவையும் இழுத்துக்கொண்டு அவிநாசியில் மாட்டு டாக்டரிடம் போனாள். நாயின் காதைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "இது ஒட்டுற சொறி மாதிரி தெரியலீங்க. திங்கறதுல ஏதோ ஒண்ணு ஒத்துக்கல. கருவாடு, பால், கோதுமைன்னு எதுவா வேணும்னாலும் இருக்கலாம். கொஞ்ச நாளைக்கு ஒரே தீனியாப் போட்டுப் பாருங்க. வேற எதும் வாய்க்குள்ள போகக்கூடாது."

வீட்டுக்கு வந்தால் வாசலில் தண்டாயுதபாணி நின்றுகொண்டிருந்தார். தெருவுக்குப் பெரியதனக்காரர். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனுஷர், அதனாலேயே ரத்தினசாமிக்கு அவரிடம் கூடுதல் பயம்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க ரத்தினசாமி. நம்ம பேரனுக்குச் சிரங்கு வந்திருக்குதுங்க. பக்கத்து ஊட்டுப் புள்ளைக்கும் வந்திருக்குது. தைப்பூசத்துக்குக் காவடி நம்ம தெரு வழியாத்தான் போவுது. அதுக்குள்ள நாய எங்காச்சும் கொண்டுபோய் உட்டுருங்க. இல்லாட்டி எளவட்டப் பசங்க எட்டிக்கொட்டைய அரைச்சுச் சோத்து உருண்டையில வெச்சுப் போட்டுருவாங்க. அப்புறம் என்னயச் சொல்லக்கூடாதுங்க."

"ஒட்டாதுன்னு டாக்டரு சொன்னாருங்க" என்றாள் மருதம்மாள்.

"டாக்டரு நம்ம தெருவுல குடியிருக்கலீங்களே" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

ரத்தினசாமி அப்படியே உட்கார்ந்துவிட்டார். எட்டிக்கொட்டை தின்ற நாயை அவர் பார்த்திருக்கிறார். நாலு காலும் விறைத்து, உடம்பு வில்லாக வளைந்து, கண் மட்டும் உயிரோடு சுற்றிச் சுற்றிப் பார்த்தது. அந்தக் கண்ணை இப்போது நாடாவின் முகத்தில் வைத்துப் பார்த்தார்.

அன்றைக்கே நாடாவை வீட்டுக்குள் தறிக்குழி பக்கத்தில் கட்டினார். கதவுக்குத் தாழ். காலையில் வெளியே கூட்டிப்போனாலும் கயிற்றைக் குட்டையாகப் பிடித்து, அது மண்ணை மோந்தால்கூட இழுத்துக்கொள்வார். டாக்டர் சொன்னபடி கம்புச் சோறு மட்டும்தான். அதையும் தானே ஊட்டினார். மருதம்மாளைக்கூட ஊட்ட விடவில்லை. ஒவ்வொரு கவளத்திலும் கிள்ளி முதலில் தன் வாயில் போட்டுக்கொண்டு, உயிர் இருக்கிறதா என்று கொஞ்ச நேரம் பார்ப்பார். சுவிட்சைத் தொடப் பயந்த மனுஷன்!

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தெருவில் பாவு விரிக்க முடியாமல் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தார்கள். நாடாவின் தோல் மெல்லமெல்ல அடங்கியது. முதுகில் பூனை முடி எழும்பியது. மருதம்மாள் டாக்டருக்கு ஒரு கும்பிடு போட்டாள். எல்லாம் கருவாடு செய்த வேலை என்று தீர்ப்பும் சொன்னாள்.

மழை விட்டது. வெயில் வந்ததும் தெரு நீளத்துக்குப் பாவுகள் விரிந்தன. இடிந்து கிடந்த பிழைப்பு எழுந்து நின்றதில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் நாடா மறுபடியும் காதைச் சொறிந்தது. சில நாளில் பாதம் சிவந்தது, முளைத்த முடியும் உதிர்ந்தது.

ரத்தினசாமி கணக்குப் போட்டார். கதவு சாத்தித்தான் இருக்கிறது. கம்பைத் தவிர ஒரு பருக்கை உள்ளே போகவில்லை. அப்படியென்றால் யாரோ எதையோ போடுகிறார்கள். ஏணி போட்டு ஏறி ஓட்டுச் சந்துகளைப் பார்த்தார். ஜன்னலுக்குச் சாக்குக் கட்டினார். தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்தது. தெருவில் யார் சிரித்தாலும் தன்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருந்தது. கடைசியில் ஒருநாள் மருதம்மாளிடமே கேட்டுவிட்டார்.

"ஏ புள்ள, நீ ஏதாச்சும் போடறயா?"

அவள் சண்டைக்கு வரவில்லை. மறுநாள் சமையலைக்கூட விட்டுவிட்டு நாடாவுக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். யார் என்ன போடுகிறார்கள் என்று பார்த்துவிடுவதென்று.

ஒருவரும் வரவில்லை. பாவுக்குக் கஞ்சி போட்டு முடித்து ரத்தினசாமிதான் வந்தார். வழக்கம்போல நாடாவின் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினார். நாடா வாலை ஆட்டிக்கொண்டு விரல் விரலாக நக்கியது. இடுக்கு விடாமல், முழங்கை வரைக்கும்.

"ஏனுங்க, அது என்னத்தத் திங்குது?" என்றாள் மருதம்மாள்.

"எங்க திங்குது? கையத்தான நக்குது."

"கையில என்ன இருக்குதுங்க?"

"பாவுக் கஞ்சி" என்றார். சொன்ன வாய் மூடவில்லை. அந்தத் தெருவில் பிறந்தவர்கள் யாருக்கும் பாவுக் கஞ்சி தின்கிற பண்டம் என்று தோன்றாது. அது நூலுக்கு ஊட்டுவது. நூலுக்குப் போட்டது போக விரலில் காய்ந்திருப்பதை நாய் நக்கினால், நாய்க்குச் சோறு போட்டதாக யார் நினைப்பார்கள்?

"மைதா" என்றாள் மருதம்மாள் மெல்ல. "அரிசி இல்லாம மைதாவுல காய்ச்ச ஆரம்பிச்சோமே, அப்பப் புடிச்சதுதானுங்க இது. மழையில பாவு இல்ல, கஞ்சி இல்ல, அதான் அடங்குச்சு."

ரத்தினசாமி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். ஊரையெல்லாம் சந்தேகப்பட்டாயிற்று. கட்டினவளையும் சந்தேகப்பட்டாயிற்று. அந்தக் கையை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அழுதார்.

அதன் பிறகு பாவு முடிந்ததும் சாம்பல் போட்டு, புளி போட்டுத் தேய்த்து, மருதம்மாள் மோந்து பார்த்துச் சரி என்ற பிறகுதான் வீட்டுக்குள் வருவார். வந்தும் கையை அக்குளில் ஒளித்துக்கொள்வார். நாடா மூக்கால் முட்டிமுட்டிக் கையைத் தேடும். என்ன தப்புச் செய்தோம் என்பது போலப் பார்க்கும். அது அவரை வதைத்தது. தைப்பூசம் வரை ஒருவேளைகூட நிம்மதியாக உண்ணவில்லை. அன்று காவடிகள் போகும்போது நாடாவைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தார். தண்டாயுதபாணி வந்து நின்று, மறுபடியும் முளைத்திருந்த முடியைப் பார்த்தார். தடவிப் பார்த்தார். பிறகு காவடிக்குப் பின்னால் போனார்.

அப்புறம் பல வருஷம் நாடா இருந்தது. கம்பும் சோளமும்தான் சாப்பாடு. அரிசி தாராளமாகக் கிடைத்த காலத்திலும் ரத்தினசாமி கையை ஒளிப்பதை விடவில்லை. சொசைட்டியில் கை படுகிற பாவில் என்ன கஞ்சியோ என்று பயம். கிழடு தட்டி, எழுந்திருக்க முடியாமல், நாடா கம்பையும் தொடாமல் படுத்துவிட்டபோது அவர் இரண்டு நாள் பக்கத்திலேயே கிடந்தார். பிறகு, "மருதா, கொஞ்சம் மைதாக் கஞ்சி காச்சு" என்றார்.

அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். அவர் இரண்டு கையையும் கஞ்சியில் தோய்த்து அதன் வாயருகில் நீட்டினார். நாடா கண்ணைத் திறந்தது. அவசரமில்லாமல் விரல் விரலாக நக்கியது. சுண்டு விரலுக்கு வரும் முன்பே நின்றுவிட்டது.

வேப்பமரத்தடியில் புதைத்துவிட்டு வந்து குளித்தார்கள். பொழுது சாய்ந்தது. கொல்லைக் கதவுவரை போன ரத்தினசாமி அங்கேயே நின்றார்.

"மருதா, கொஞ்சம் கூட வர்றயா?"

மருதம்மாள் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. லாந்தரைத் தேடி எடுத்து, தூசி துடைத்து, ஏற்றிக்கொண்டு வந்தாள்.